‘தன் வேலையைத் தான் பார்ப்பது’: இதற்குப் பெயர்தான் நீதியா?

படித்துறை | சனி, இரவு 9.40

நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி பிளேட்டோவின் ‘குடியரசு’ படித்து வருகிறோம். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் குறுக்கே விழுவோம். நூலின் பத்துப் பகுதிகளையும் ‘புத்தகம்’ என்றே சொல்வார்கள். நான்கு மாதம் தள்ளாடி நான்காம் புத்தகத்தின் பாதிக்கு வந்தோம். போன வாரம் அங்கே வண்டி குடைசாய்ந்துவிட்டது.

நூல் முழுக்க உரையாடல், அதை நடத்துபவர் பிளேட்டோவின் குரு சாக்ரடீஸ். முதல் பக்கத்திலிருந்து அவர் துரத்துவது ஒரே கேள்வியை: நீதி என்பது என்ன? தனிமனிதனுக்குள் அது பொடியெழுத்தில் இருக்கிறது, நகரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும், முதலில் பெரிய எழுத்தைப் படித்துவிடலாம் என்கிறார். அதற்காகவே ஒரு நகரத்தைக் கடைக்காலிலிருந்து எழுப்புகிறார். விவேகம் கிடைத்துவிட்டது, வீரம் கிடைத்துவிட்டது, அடக்கம் கிடைத்துவிட்டது. நீதி மட்டும் மிச்சம். வேட்டைக்காரர்கள் புதரை வளைப்பதுபோல் வளைக்கிறார்கள். திடீரென்று, ‘அடடா, இது நம் காலடியிலேயே உருண்டு கொண்டிருந்ததே’ என்கிறார். என்ன உருண்டது? அவரவர் தம் வேலையைச் செய்வது, பிறர் வேலையில் தலையிடாமல் இருப்பது. அவ்வளவுதான்.

எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டார். “உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்று பஸ்ஸில் கண்டக்டர் சொன்னால் சண்டைக்குப் போகிறோம். இவர் சொன்னால் தத்துவமா?” என்றார். இன்னொருவர் அதைவிடக் கடுமை. “செருப்புத் தைப்பவன் செருப்பே தைக்கட்டும் என்பதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நிழல் | சனி, இரவு 10.15

உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதே சரி. தயங்காமல் அதே பெயரால் அழையுங்கள்.

மூன்றாம் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திரும்பப் பாருங்கள். குடிமக்கள் எல்லோரும் மண்ணுக்குள்ளிருந்து பிறந்தவர்கள், படைக்கும்போது ஆளத் தகுந்தவர்களுக்குள் கடவுள் பொன்னைக் கலந்தான், காவலர்களுக்கு வெள்ளியை, உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரும்பையும் வெண்கலத்தையும் கலந்தான் என்று ஒரு கதையைச் சொல்லி நம்பவைக்க வேண்டுமாம். அது பொய் என்று சொல்கிறவருக்கே தெரியும். கூச்சப்பட்டுக்கொண்டே சொல்கிறார். தலையிலும் தோளிலும் பிறந்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு உலோகக் கதை புரியாமல் போகுமா?


கணக்கு வாத்தியார் | சனி, இரவு 11.02

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், நிழல். அடுத்த பத்தியைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் பொன்னுக்குப் பொன் பிறக்கும், ஆனால் பொன்னுக்கு இரும்பும் இரும்புக்குப் பொன்னும் பிறப்பதுண்டு என்கிறார். ஆள்பவர்களுக்குக் கடவுள் இடும் முதல் கட்டளை, குழந்தைகளின் கலவையைக் கவனிப்பது. சொந்தப் பிள்ளையிடம் இரும்பு தெரிந்தால் இரக்கமில்லாமல் உழவர்களிடம் தள்ளிவிட வேண்டும். உழவன் பிள்ளையிடம் பொன் தெரிந்தால் மேலே ஏற்ற வேண்டும். பிறப்பு மாறாது என்பதுதான் நம் ஊர் விதியின் உயிர்நாடி. இங்கே அந்த நாடியையே அறுத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செருப்புத் தைப்பவன் செருப்பே தைப்பது நீதியின் நிழலுருதான், உண்மையான நீதி மனிதனுக்குள்ளே நடக்கும் காரியம் என்று நான்காம் புத்தகத்தின் முடிவில் சாக்ரடீஸே சொல்கிறார். உள்ளே மூன்று பங்காளிகள்: கணக்குப் பார்க்கும் அறிவு, சீறும் ரோஷம், கேட்டுக்கொண்டேயிருக்கும் ஆசை. ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று உட்காராமல் இருப்பதே நீதி. படித்துறை, இன்னும் நான்கைந்து பக்கம் பொறுத்திருந்தால் உங்கள் நண்பர் புத்தகத்தை மூடியிருக்க மாட்டார்.

தலைப்பும் ஒரு குழப்பம். கிரேக்கத்தில் ‘பொலிட்டேயா’. ஒரு நகரம் எப்படி அமைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ‘குடியரசு’ என்று அச்சிட்டவுடன் நாம் ஓட்டுப்பெட்டியைத் தேடுகிறோம். உள்ளே இருப்பதோ அதற்கு நேர் எதிர்.


நிழல் | சனி, இரவு 11.20

வாத்தியார் ஐயா, அறுத்த கத்தியைக் காட்டுங்கள். உழவன் பிள்ளையின் பொன்னை யார் எப்போது பார்ப்பார்கள்? இசை, உடற்பயிற்சி, இருபதிலிருந்து முப்பது வயதுவரை கணிதம், பிறகு ஐந்து ஆண்டு தர்க்கம், பதினைந்து ஆண்டு பதவிப் பயிற்சி, ஐம்பதில் ஆட்சி என்று விலாவாரியாக எழுதியவர், உழவன் பிள்ளைக்கு என்ன பள்ளிக்கூடம் என்று ஒரு வரி எழுதவில்லை. இது என் குறை மட்டுமில்லை. இருபது ஆண்டு பிளேட்டோவின் பள்ளியில் இருந்த அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் இரண்டாம் புத்தகத்தில் இதையே கேட்கிறார்: நகரத்தில் பெரும்பான்மை இந்த மற்றவர்கள்தான், அவர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று.


உப்புக்கல் | ஞாயிறு, காலை 6.30

இருவரும் காலையிலேயே தொடர்வீர்கள் என்று தெரியும். காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வக்கீல் ஐயா எங்கே?


வாய்தா | ஞாயிறு, காலை 8.10

வந்துவிட்டேன் அம்மா. நீங்கள் எல்லோரும் அந்தச் சொற்றொடரை இன்றைய காதால் கேட்கிறீர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்காரன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று பாருங்கள்.

ஏதென்ஸ் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவதையே ஆட்சிமுறையாக வைத்திருந்த ஊர். ஆண்டுக்கு 6,000 பேர் ஜூரிக்குப் பெயர் கொடுப்பார்கள். நாளுக்கு மூன்று ஒபோல் காசு படியாகக் கிடைக்கும். வழக்குக்கு ஐந்நூறு பேர்கூட உட்காருவார்கள். பதவிகளில் பெரும்பாலானவை சீட்டுக் குலுக்கலில் போகும், நம் குடவோலை போல. குடிமக்கள் கூடும் மன்றத்தில் செருப்புத் தைப்பவனும் கொல்லனும் எழுந்து போர் வேண்டுமா வேண்டாமா என்று பேசுவான். இதைப் பிடிக்காதவர்கள் இதற்கு ‘பல வேலையில் மூக்கை நுழைப்பது’ என்று ஒரு வசைச்சொல் வைத்திருந்தார்கள். அதற்கு எதிர்ச்சொல் ‘தன் வேலையைப் பார்ப்பது’. மேட்டுக்குடிக்காரர்கள் வாயில் அது பெருமை. ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ், போரில் இறந்த வீரர்களுக்கான உரையில் இதைத் திருப்பிப்போட்டு அடிக்கிறார்: பொதுக்காரியத்தில் பங்கெடுக்காதவனை மற்ற ஊர்க்காரர்கள் அமைதியானவன் என்பார்கள், நாம் மட்டும் பயனற்றவன் என்கிறோம்.

ஆக, சாக்ரடீஸ் காலடியில் உருண்டதாகச் சொல்லி எடுத்த பொருள் தெருவில் கிடந்த சாதாரணக் கல் இல்லை. ஒரு கட்சியின் கோஷம்.

வேடிக்கை என்னவென்றால், தன்மீது நடந்த வழக்கு விசாரணையில் தன்னைப் பற்றிப் பேசும்போது, ‘தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் போய் மூக்கை நுழைக்கிறேன்’ என்று அதே வசைச்சொல்லைத் தனக்குத்தானே சூட்டிக்கொள்கிறார் சாக்ரடீஸ். ஊரிலேயே தன் வேலையை மட்டும் பார்க்கத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர்தான்.

இன்னும் முக்கியமானது ஒன்று இருக்கிறது. ‘கார்மிடீஸ்’ என்று பிளேட்டோவின் சிறிய உரையாடல் ஒன்று உண்டு. அதில் பேச்சு அடக்கம் என்ற பண்பைப் பற்றியது. கார்மிடீஸ் என்ற அழகான இளைஞன், ‘யாரோ சொல்லக் கேட்டேன், தன் வேலையைத் தான் செய்வதே அடக்கம்’ என்கிறான். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் தன் உறவினர் கிரிட்டியாஸைப் பார்க்கிறான். கிரிட்டியாஸ் முதலில் நான் சொல்லவில்லை என்கிறார். பையன் அதைச் சரியாகக் காப்பாற்றாமல் தடுமாறியதும், தன் பாட்டைக் கெடுத்துவிட்ட நடிகன்மேல் பாயும் கவிஞன்போல அவனிடம் எரிந்துவிழுகிறார். அங்கே சாக்ரடீஸ் அந்த வரையறையைக் கேலி செய்கிறார்: அவரவர் துணியை அவரவரே நெய்து, துவைத்து, அவரவர் செருப்பை அவரவரே தைக்க வேண்டும் என்று சட்டம் போட்டால் ஊர் உருப்படுமா?

ஒரு நூலில் கிரிட்டியாஸ் வாயில் வைத்துப் பிளந்த அதே சொற்றொடரை இன்னொரு நூலில் நீதியின் இலக்கணமாகச் சாக்ரடீஸ் வாயில் வைக்கிறார் பிளேட்டோ. தெரியாமல் செய்திருப்பாரா?


படித்துறை | ஞாயிறு, மதியம் 1.25

இன்று காலை குழுவில் இதை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: யார் இந்த கிரிட்டியாஸ்?


வாய்தா | ஞாயிறு, மாலை 5.50

பிளேட்டோவின் தாய்க்குப் பெரியப்பா சித்தப்பா முறையில் வந்த சகோதரன். கார்மிடீஸ் பிளேட்டோவின் சொந்தத் தாய்மாமன். குடும்பத்து ஆட்கள். கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். அதற்குத் தலை கிரிட்டியாஸ். சில மாதங்களில் 1,500 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள் என்று பழைய நூல் சொல்கிறது.

இனி ‘குடியரசு’ நூலின் முதல் பக்கத்துக்கு வாருங்கள். சாக்ரடீஸ் சொல்கிறார்: ‘நேற்று நான் அரிஸ்டனின் மகன் கிளாக்கனோடு பைரியஸுக்கு இறங்கிப் போனேன்.’ பைரியஸ் ஏதென்ஸின் துறைமுகம். திரேஸ் நாட்டுத் தேவதை பெண்டிஸுக்கு அங்கே முதல்முறையாகத் திருவிழா. பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு வேலைக்காரப் பையன் பின்னாலிருந்து சாக்ரடீஸின் மேலாடையைப் பிடித்து இழுக்கிறான்: ‘பொலமார்க்கஸ் உங்களை நிற்கச் சொல்கிறார்.’ வீட்டுக்குப் போகிறார்கள். முற்றத்தில் பலி கொடுத்துவிட்டு, தலையில் மாலையோடு திண்டு போட்ட நாற்காலியில் கிழவர் கெஃபாலஸ். சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரத்திலிருந்து வந்து குடியேறியவர், குடியுரிமை கிடையாது. உண்மையைச் சொல்வதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் நீதி என்கிறார். மகன் பொலமார்க்கஸ், நண்பனுக்கு நன்மையும் பகைவனுக்குத் தீமையும் செய்வது நீதி என்கிறான்.

அந்தக் குடும்பத்துக்கு நடந்தது, உயிர்தப்பிய இன்னொரு மகன் லிசியாஸ் நீதிமன்றத்தில் நிகழ்த்திய உரையில் இருக்கிறது. நான் வக்கீல் என்பதால் இதைப் பலமுறை படித்திருக்கிறேன். என் தந்தை இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தார், ஒருவர்மீதும் வழக்குப் போட்டதில்லை, வழக்கில் நின்றதும் இல்லை என்று தொடங்குகிறார். முப்பதின்மர் ஆட்சிக்குப் பணமுடை. குடியேறிகளில் பத்துப் பேரைப் பிடிப்பது என்று முடிவு. அதில் இரண்டு பேர் ஏழைகளாக இருக்க வேண்டும், அப்போதுதான் பணத்துக்காகச் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் குடும்பத்துக்குக் கேடயத் தொழில். 700 கேடயங்களும் 120 அடிமைகளும் பொன்னும் வெள்ளியும் பறிபோயின. பொலமார்க்கஸைத் தெருவில் பிடித்து விசாரணையே இல்லாமல் விஷம் குடிக்கச் சொன்னார்கள். அவன் மனைவி இந்த வீட்டில் முதன்முதலில் காலெடுத்து வைத்தபோது போட்டிருந்த பொன் காதணியை, அவள் காதிலிருந்தே மெலோபியஸ் என்பவன் கழற்றிக்கொண்டான். பிணத்தைச் சொந்த வீடு மூன்றில் எதிலிருந்தும் எடுக்கவிடவில்லை. ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துக் கிடத்தினார்கள். வீட்டில் எத்தனையோ மேலாடைகள் இருந்தும் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. நண்பர்களில் ஒருவர் ஒரு துணி கொடுத்தார், இன்னொருவர் ஒரு தலையணை கொடுத்தார்.

அன்று திருவிழாவிலிருந்து பொலமார்க்கஸோடு நடந்து வந்த நிக்கெராட்டஸையும் அவர்கள் கொன்றார்கள்.

முதல் வாசகர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நீதி என்றால் என்ன என்று பேச அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தவர், கொன்றவனின் சொந்தக்காரர்.


உப்புக்கல் | ஞாயிறு, இரவு 9.15

காதணி வரியில் நின்றுவிட்டேன். எழுந்துபோய் மூன்றாம் புத்தகத்தின் முடிவை எடுத்துப் பார்த்தேன். காவலர்களுக்குச் சொந்த வீடில்லை, பூட்டிவைக்கும் களஞ்சியமில்லை, பந்தியில் சேர்ந்து உண்ண வேண்டும். பிறகு இது வருகிறது: நகரத்தில் அவர்களுக்கு மட்டும் பொன்னையும் வெள்ளியையும் தொடவே அனுமதியில்லை. பொன் இருக்கும் கூரைக்குக் கீழே நிற்கக் கூடாது, அணியக் கூடாது, பொற்கிண்ணத்தில் குடிக்கக் கூடாது.

இதுவரை இதை ஏதோ துறவி மனப்பான்மை என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறேன். அந்தக் காதிலிருந்து கழற்றிய கைக்குப் பதிலாக எழுதியது என்று இப்போது தோன்றுகிறது. கிரிட்டியாஸ் சொன்ன ‘தன் வேலை’யின் பொருள் நீ கீழே இரு, நான் மேலே இருக்கிறேன் என்பது. பிளேட்டோ அதே சொல்லை எடுத்து, சரி, மேலே இருப்பவனுக்கு வீடு இல்லை, காசு இல்லை, கூரையில்கூடப் பொன் இல்லை, இப்போது சொல், ஆள வருகிறாயா என்று கேட்கிறார். பேச்சில் கூட இருக்கும் அடைமாந்தஸ் உடனே முறையிடுவதும் அதையே: உங்கள் காவலர்கள் கூலிப்படை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சுகம்?

ஆனால் நான் பிளேட்டோவின் வக்கீல் இல்லை. ஐந்தாம் புத்தகத்தில் எனக்கு அவரோடு தீராத சண்டை உண்டு. பெண்ணும் ஆளலாம், காவல் காக்கலாம் என்கிறார். வழுக்கைத் தலையனும் முடி வளர்த்தவனும் இயல்பில் வேறானவர்கள் என்பதால் ஒருவன் செருப்புத் தைத்தால் மற்றவன் தைக்கக் கூடாது என்பாயா என்று ஒரு கேள்வி கேட்கிறார். வீட்டின் உள்கட்டுக்குள் பெண்களை வைத்திருந்த ஊரில் இதைக் கேட்டதற்காக எழுந்து நின்று கைதட்டுவேன். நான்கு பக்கம் தாண்டினால் உட்கார வேண்டியிருக்கிறது. யாருக்கு யார் துணை என்று திருவிழாவில் சீட்டுக் குலுக்குவார்கள். அந்தச் சீட்டில் ஆள்பவர்கள் ரகசியமாகத் தில்லுமுல்லு செய்ய வேண்டும். நல்ல துணை கிடைக்காதவன் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள வேண்டும், ஆள்பவர்களை நொந்துகொள்ளக் கூடாது. பால் கட்டிய தாய்களைக் குழந்தைகளிடம் அழைத்துவர வேண்டும், ஆனால் எந்தத் தாய்க்கும் தன் குழந்தை எது என்று தெரியக் கூடாது. இதற்கு எல்லா உபாயமும் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். எல்லா உபாயமும்! பிள்ளை பெற்ற யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

வக்கீல் ஐயா சொன்ன ஏதென்ஸ் குலுக்கலில் யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால்தான் அது நியாயம். இவருடைய நகரத்தில் குலுக்கல் என்ற பெயர் மட்டும் இருக்கிறது, விடை முன்பே எழுதியாகிவிட்டது.


புதுவரவு | திங்கள், காலை 7.05

பெரியவர்கள் மன்னிக்கவும். முதல் புத்தகத்திலேயே திராசிமாக்கஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர் காட்டு விலங்குபோல் பாய்ந்து வந்து, வலுத்தவனுக்கு அனுகூலமானதே நீதி என்று சொல்லிவிட்டார். மேய்ப்பன் ஆட்டைக் கொழுக்க வைப்பது ஆட்டுக்காகவா என்றும் கேட்டுவிட்டார். முப்பதின்மர் கதையைப் பார்த்தால் அவர் சொன்னதுதானே நடந்திருக்கிறது? இத்தனை பக்கம் எதற்கு?


வாய்தா | திங்கள், காலை 7.40

நடந்தது என்பது சரி. ஆனால் எவ்வளவு நாள்? சாக்ரடீஸ் கேட்ட கேள்வியை நினைவுபடுத்துகிறேன்: கொள்ளைக் கூட்டமே ஆனாலும் தங்களுக்குள் ஒருவனை ஒருவன் ஏமாற்றினால் கொள்ளையடிக்க முடியுமா? முப்பதின்மரில் ஒருவர் தெராமினீஸ். கொலை கூடிப்போனது என்று முணுமுணுத்தார். கிரிட்டியாஸ் அவரையே, அடைக்கலம் புகுந்த பலிபீடத்திலிருந்து இழுத்துப்போகச் செய்து விஷம் கொடுத்தார். கடைசிச் சொட்டை விருந்தில் வீசுவதுபோல் தரையில் வீசி, ‘இது அழகன் கிரிட்டியாஸுக்கு’ என்றாராம் தெராமினீஸ். அதற்குப் பிறகு அந்த ஆட்சி ஓர் ஆண்டுகூட முழுதாக நிற்கவில்லை.


கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 10.30

பள்ளி விட்டு, விடைத்தாள் திருத்தி, இப்போதுதான் உட்கார்ந்தேன்.

புதுவரவு, உங்கள் கேள்வியை பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கனே இரண்டாம் புத்தகத்தில் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார். லிடியா நாட்டு மேய்ப்பனுக்கு நிலநடுக்கப் பிளவில் ஒரு மோதிரம் கிடைக்கிறது. குமிழை உள்பக்கம் திருப்பினால் ஆள் மறைந்துவிடுவான். அவன் அரசியை வளைத்து, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்தான். அந்த மோதிரம் கிடைத்தால் நீ ஒழுங்காக இருப்பாயா? பத்துப் புத்தகமும் இந்த ஒரு கேள்விக்கு விடை. ஒன்பதாம் புத்தகத்தில் விடைக்குக் கணக்கே போட்டுக் காட்டுகிறார்: கொடுங்கோலனைவிட நல்லரசன் 729 மடங்கு இன்பமாக வாழ்கிறான். ஒன்பதின் கனம் 729. பகலையும் இரவையும் தனித்தனியாக எண்ணினால் ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஒவ்வொரு பகலும் ஒவ்வொரு இரவும் கொடுங்கோலனுக்கு நரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு என்று பார்த்தால் மாணவனுக்கு முட்டைதான் போடுவேன், ஆனாலும் எனக்குப் பிடிக்கும்.

நிழலுக்கு ஒன்று. மனிதர் கற்பனை நகரத்தோடு நின்றுவிடவில்லை. நாற்பது வயதில் சிரக்கூஸ் போனார். அங்கே டியோன் என்ற இளைஞன் இவருக்குச் சீடனானான். அந்த நகரத்தை ஆண்ட கொடுங்கோலன் இறந்து அவன் மகன் இரண்டாம் டியோனிசியஸ் பட்டத்துக்கு வந்ததும் டியோன் மறுபடி அழைத்தான். கி.மு. 367இல் ஒருமுறை, 361இல் ஒருமுறை, அறுபது வயது தாண்டியவர் கப்பலேறினார். அரசனைத் தத்துவவாதி ஆக்க முடியவில்லை. முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் ஆளே மாறியிருக்கிறார். கிரீட் தீவில் ஒரு குடியேற்றம், 5,040 குடும்பம். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் வகுபடும், பன்னிரண்டாலும் வகுபடும், நிலம் பிரிக்க வசதி. குடும்பம் உண்டு, சொத்து உண்டு, ஆனால் அடிப்படைப் பங்கைப்போல் நான்கு மடங்குக்குமேல் சேர்க்கக் கூடாது. ஆள்பவன் சட்டத்துக்கு வேலைக்காரன் என்கிறார். பட்டபின் வந்த ஞானம்.


நிழல் | செவ்வாய், அதிகாலை 12.10

காதணிக்கும் பொன்கூரைக்கும் உப்புக்கல் அக்கா போட்ட முடிச்சை ஒப்புக்கொள்கிறேன். இதுவரை யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அதனாலேயே என் புகார் பெரிதாகிறது.

ஆள்பவன் கெட்டுப்போவதற்கு ஒரே காரணம் பொன் என்று பிளேட்டோ நம்பினார். கிரிட்டியாஸிடம் பணம் இல்லாமலா இருந்தது? தெராமினீஸைக் கொன்றது காசுக்காகவா? நான் சொல்வதே சரி, குறுக்கே வருபவன் நகரத்துக்கே நோய் என்ற எண்ணத்துக்காக. அந்த எண்ணத்துக்கு மருந்து எங்கே இருக்கிறது இந்த நகரத்தில்? கேட்க ஆளில்லை, மாற்ற வழியில்லை, கவிஞனையும் எல்லைக்கு அப்பால் அனுப்பியாகிவிட்டது. ஹிட்லர் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறி நியூசிலாந்தில் இருந்தபடி கார்ல் பாப்பர் எழுதி 1945இல் வெளிவந்த நூல் கேட்டது இதைத்தான்: யார் ஆள வேண்டும் என்று கேட்காதே, மோசமாக ஆள்பவனை ரத்தமில்லாமல் இறக்குவது எப்படி என்று கேள்.

சிரக்கூஸ் கதையை வாத்தியார் ஐயா முடிக்காமல் விட்டுவிட்டார். டியோன் படையோடு வந்து நகரத்தைப் பிடித்தார். அவர் ஆட்சியிலும் அரசியல் எதிரி ஒருவன் கொல்லப்பட்டான். கி.மு. 354இல் டியோனே கொல்லப்பட்டார். கொல்ல ஏற்பாடு செய்தவன் கல்லிப்பஸ், பிளேட்டோவின் வட்டத்தோடு பழகிய ஏதென்ஸ்காரன். பொன்னைத் தொடாமல் வளர்ந்தால் கை சுத்தமாகிவிடும் என்பதற்கு ஒரு சாட்சியைக் காட்டுங்கள்.


உப்புக்கல் | செவ்வாய், காலை 6.20

காட்ட முடியாது. அதையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே. ஒன்பதாம் புத்தகத்தின் கடைசியில் கிளாக்கன், இந்த நகரம் பூமியில் எங்கும் இல்லை என்கிறார். வானத்தில் ஒரு மாதிரியாக இருக்கலாம், பார்க்க விரும்புகிறவன் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்ளட்டும், அது எங்கேயாவது இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை என்கிறார் சாக்ரடீஸ்.


நிழல் | செவ்வாய், காலை 6.45

வானத்தில் இருக்கும்வரை எனக்கும் ஆட்சேபணை இல்லை.


வாய்தா | செவ்வாய், இரவு 8.30

நிழல் கேட்ட ‘ரத்தமில்லாமல் இறக்குவது’ பற்றி ஒரு சங்கதி. தத்துவம் இல்லை, நடந்த கதை.

முப்பதின்மரை எதிர்த்து வெளியேறியவர்கள் பைரியஸில் மூனிக்கியா குன்றைப் பிடித்துக்கொண்டார்கள். கிரிட்டியாஸின் படை கீழே சந்தையிலிருந்து பெண்டிஸ் கோயிலுக்கு ஏறும் சாலையை அடைத்து, ஐம்பது கேடயம் ஆழத்துக்கு அணிவகுத்து ஏறியது. ஆம், அதே பெண்டிஸ். அந்தச் சரிவில் கிரிட்டியாஸ் செத்தார், கார்மிடீஸும் செத்தார். சில மாதத்தில் மக்களாட்சி திரும்பியது. கி.மு. 403இல் ஓர் உடன்பாடு செய்தார்கள்: முப்பதின்மரையும் அவர்களோடு அதிகாரத்தில் இருந்த சிலரையும் தவிர வேறு எவர்மீதும் பழையதை நினைத்துப் பழிவாங்கக் கூடாது.

அதைவிட எனக்கு வியப்பு, கடன். மக்களை ஒடுக்கச் சிறுகுழு ஆட்சிக்காரர்கள் ஸ்பார்ட்டாவிடம் 100 டாலந்து என்ற பெருந்தொகையைக் கடன் வாங்கியிருந்தார்கள். வாங்கியவனே கட்டட்டும் என்று உடன்பாட்டிலேயே இருந்தது. ஆனாலும் மக்கள் பொதுப்பணத்திலிருந்து சேர்ந்து கட்டினார்கள். தங்களைக் கொல்ல வாங்கிய கடனை. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதே நீதி என்று மாலையோடு உட்கார்ந்து சொன்ன கெஃபாலஸ் கிழவரை முதல் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் மடக்கி வெளியே அனுப்பிவிடுகிறோம், பைத்தியம் பிடித்த நண்பனுக்குக் கத்தியைத் திருப்பிக் கொடுப்பாயா என்று கேட்டு. அந்த ஊர் மக்கள் அவர் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள்.


நிழல் | செவ்வாய், இரவு 8.55

இதைப் பற்றிப் பிளேட்டோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாரா?


வாய்தா | செவ்வாய், இரவு 9.20

பிளேட்டோ பெயரில் கிடைத்திருக்கும் கடிதங்களில் ஏழாவதில் இருக்கிறது. அது அவர் எழுதியதுதானா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முப்பதின்மர் சீக்கிரமே பழைய ஆட்சியைப் பொன் என்று நினைக்க வைத்துவிட்டார்கள் என்கிறது கடிதம். திரும்பி வந்தவர்கள் மிகுந்த நிதானத்தோடு நடந்துகொண்டார்கள் என்றும் சொல்கிறது. அதற்கு அடுத்த வாக்கியம், ஆட்சியில் இருந்த சிலர் நம் தோழர் சாக்ரடீஸை வழக்குமன்றத்துக்கு இழுத்தார்கள் என்பது.


உப்புக்கல் | செவ்வாய், இரவு 9.50

மூனிக்கியாச் சண்டையைத் தேடிப் படித்தேன். குன்றிலிருந்து இறங்கி வென்றவர்கள் செத்துக்கிடந்தவர்களின் ஆயுதங்களை எடுத்துக்கொண்டார்களாம். குடிமக்கள் எவருடைய உடுப்பையும் உரியவில்லையாம். பிணங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு தரப்பும் ஒன்றாகக் கலந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

பொலமார்க்கஸுக்கு யாரோ கொடுத்த அந்தத் துணி நினைவுக்கு வந்தது.


படித்துறை | புதன், காலை 7.15

எல்லாவற்றையும் அச்செடுத்துவிட்டேன், பத்தொன்பது பக்கம் வந்தது. புத்தகத்தை மூடியவர் நேற்று இரவு போன் செய்தார். ஐந்தாம் புத்தகம் இப்போது வேண்டாமாம், முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்க வேண்டுமாம். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், ஆனால் வருகிறார்கள். ஞாயிறு எட்டு மணி. சுண்டல் அவர் பொறுப்பு.


கணக்கு வாத்தியார் | புதன், காலை 7.30

இரண்டாம் புத்தகத்தில் சாக்ரடீஸ் முதலில் கட்டும் நகரத்திலும் கொண்டைக்கடலை உண்டு. உப்பு, ஒலிவம், பாலாடைக்கட்டி, வெங்காயம், அத்தி, கடலை. படை இல்லை, காவலர் இல்லை, உலோகக் கதை இல்லை. கிளாக்கன்தான் இது பன்றிகளின் நகரம் என்று முகம் சுளித்துக் கட்டிலும் கறியும் கேட்டார். எதற்கும் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள்.